வரிசையில் நிற்கும் பிள்ளை எதைக் கற்கும்?

என் கால்பந்துப் பயிற்சிகள் பார்க்க ரொம்ப அழகாக இருந்த காலம் ஒன்று உண்டு. காலை 6 மணிக்கே மைதானத்துக்குப் போய், நூல் பிடித்த மாதிரி கோன்களை அடுக்கிவைப்பேன், ஆரஞ்சு ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை. பிள்ளைகள் வந்ததும் இரண்டு வரிசையாக நிற்பார்கள். விசில் அடித்தால் முதலில் நிற்கிறவன் கோன்களுக்கு நடுவே பந்தை வளைத்து வளைத்துத் தள்ளிக்கொண்டு போய், கடைசிக் கோன் வந்ததும் பாஸ் கொடுத்துவிட்டு ஓடிவந்து வரிசையின் பின்னால் சேர்ந்துகொள்வான். சுவருக்கு வெளியே நின்று பார்க்கிற அப்பா அம்மாக்கள் "நல்ல டிசிப்ளின் சார்" என்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய தெருக்களின் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன், 9 வருஷமாக. 10 வயதிலிருந்து 14 வயது வரை இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், மைதானத்தில் எல்லாம் கலந்து. எங்கள் பக்கத்துக்குக் கால்பந்து புதிதில்லை. கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேயும் சிலையாக நிற்கிறார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடிய அருமைநாயகம் இந்த ஊர்க்காரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் ஆடிய அந்த ஆட்டத்தில், பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமனும் பெங்களூர்க்காரர்தான். எங்கள் தெருவில் உள்ள பெரியவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டு, "எங்க காலத்துல கோன் எல்லாம் ஏதுப்பா" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் கோன் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

என் மனத்தை மாற்றியது ஒரு 11 வயதுப் பையன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். கோன்களுக்கு நடுவே அவன் போனால் மற்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்று வந்துவிட்டால், பந்து கிடைத்த மூன்றாவது நொடியில் பறிகொடுத்துவிடுவான். பின்னாலிருந்து யாராவது வந்து பிடுங்கிக்கொண்டு போவார்கள், வந்தது யார் என்றே அவனுக்குத் தெரியாது. நான் ஓரமாக நின்று "தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு" என்று ஒரு சீசன் முழுக்கக் கத்தினேன். கோன்கள் யாரையும் பின்னாலிருந்து பிடுங்குவதில்லை, அதனால் அவனுக்குத் தலையைத் தூக்கவேண்டிய தேவையே என் பயிற்சியில் வரவில்லை என்பது எனக்குப் புரிய அவ்வளவு நாள் ஆனது.

அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு வரிசையில் 11 பேர், ஒருவர் போய்வர 8 நொடி. அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு மறுபடி முறை வர ஒன்றரை நிமிஷம் ஆகும். கால் மணி நேரத்தில் 10 முறை, பந்தோடு இருப்பது ஒரு நிமிஷமும் கொஞ்சமும். மிச்ச நேரம் முழுக்க அந்தப் பிள்ளை நிற்கிறது. நிற்பதற்காகவா அந்த அம்மாக்கள் விடியற்காலையில் எழுப்பி, சட்டை மாட்டி அனுப்பினார்கள்?

பயிற்சியாளர் லைசென்ஸுக்குப் படித்தபோது பெர்ன்ஸ்டைன் என்று ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1920-களில் மாஸ்கோவில், உளியைச் சுத்தியலால் அடிக்கிற தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தவர். கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழுகிறது, ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறு மாதிரி அசைகின்றன என்று கண்டுபிடித்தார். எனக்கு உடனே அப்பா ஞாபகம் வந்தது. சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் 30 வருஷம் இரும்பு வேலை பார்த்தவர். அவரிடம் சொன்னபோது ஆச்சரியப்படவே இல்லை. "இரும்பு தினமும் ஒரே மாதிரியா இருக்கு? சூடு மாறும், தடிமன் மாறும், நம்ம தோள்வலி மாறும், அதுக்கேத்த மாதிரிதான் அடிக்கணும்" என்றார். நான் பிள்ளைகளுக்கு அசைவை மனப்பாடம் செய்ய வைத்துக்கொண்டிருந்தேன். மாறுகிற நிலைமைக்குள் அதே முடிவைக் கொண்டுவரத் தெரிவதுதான் அப்பா சொன்ன வேலை, கால்பந்தும் அதே வேலைதான்.

சரி, கோன்களை எடுத்துவிட்டேன். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை.

ஆட்டோக்காரர் மகனுக்கு முதலில் நான் செய்த மாற்றமே தப்பு. அவன் பந்தோடு வரும்போது நான் தூரத்தில் நின்று, அணி பிரிக்கச் சட்டைக்கு மேல் போடுகிற சிவப்பு பிப் அல்லது பச்சை பிப்பைத் தூக்கிக் காட்டுவேன், அவன் நிறத்தைச் சொல்லவேண்டும். இரண்டே வாரத்தில் பிரமாதமாகச் சொன்னான். மேட்சில் பழையபடி பறிகொடுத்தான், ஏனென்றால் அவன் கற்றுக்கொண்டது என்னைப் பார்க்கத்தான். ஆட்டத்தைப் பார்க்க அவன் கற்கவில்லை.

அடுத்து 4 பேருக்கு 4 பேர் ஆட வைத்தேன். நீளம் 25 மீட்டர், அகலம் 20 மீட்டர், இரண்டு பக்கமும் மூலைக்கு ஒன்றாக இரண்டிரண்டு சின்ன கோல். மீந்த கோன்கள்தான் கோல் போஸ்ட். ஒரு கோலுக்கு முன்னால் கூட்டம் இருந்தால் இன்னொன்று காலியாக இருக்கும், அதைப் பார்க்காதவனால் கோல் போடமுடியாது. அவனை நடுவில் நிறுத்தினேன், நாலு பக்கமும் ஆள் வருகிற இடம். அன்றைக்கு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கப்பா வண்டிய வலது பக்கம் திருப்புறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாரு?" என்று கேட்டேன். "கண்ணாடி பாப்பாரு சார்." "எப்போ பாப்பாரு, திருப்பும்போதா, அதுக்கு முன்னாடியா?" கொஞ்சம் யோசித்தான். "முன்னாடியே. ரெண்டு மூணு வாட்டி பாப்பாரு." அவ்வளவுதான் பேசினேன். பந்து வந்த பிறகு தலையைத் தூக்குவதில் பிரயோஜனமில்லை, பந்து வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை போயிருக்கவேண்டும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை வைத்து ஆராய்ந்து, பந்து வரும் முன் சுற்றிலும் அதிகம் பார்க்கிறவர்களின் பாஸ்கள் அதிகம் போய்ச்சேருகின்றன என்று காட்டினார். பிள்ளைகளுக்கு நான் ஆய்வு எதையும் சொல்லவில்லை, போனில் ஸ்பெயின் ஆட்டக்காரர் ஷாவி ஆடுவதைப் போட்டு, பந்து அவரிடம் வரும் முன் தலை எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணச் சொன்னேன். எங்கள் மைதானத்தில் இப்போது அதற்குப் பெயரே 'கண்ணாடி'தான். அவன் முழுதாக மாற நாலு மாசம் ஆனது. நடுவில் சில வாரம் முன்பைவிட மோசமாகவும் ஆடினான், பார்க்கப்போய்ப் பந்தை விட்டுவிடுவான். அந்த வாரங்களில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை.

இன்னொரு பிள்ளையிடமும் தப்புதான் முதலில் செய்தேன். 12 வயதுப் பெண், 17 பையன்களுக்கு நடுவில் ஒருத்தி. யாரும் அவளுக்குப் பாஸ் கொடுக்கமாட்டார்கள். நான் ஒரு விதி போட்டேன், கோல் போடுவதற்கு முன் அணியில் எல்லோரும் பந்தைத் தொட்டிருக்கவேண்டும். பையன்கள் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தார்கள், அவள் காலில் பந்தைத் தட்டி, அவள் எதுவும் செய்யும் முன்பே உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒப்புக்கு ஓர் ஆள். மூன்றாம் நாள் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் என்னிடம் வந்து, "எனக்காக ரூல் போடாதீங்க சார்" என்றாள். எனக்கு முகம் சுட்டது. அவளுக்கு எது நன்றாக வருகிறது என்று நான் அதுவரை உட்கார்ந்து பார்க்கவே இல்லை.

ஒரு வாரம் அவளை மட்டும் கவனித்தேன். எதிரணி எங்கே பாஸ் கொடுக்கப்போகிறது என்பது அவளுக்கு ஒரு நொடி முன்னால் தெரிந்துவிடுகிறது. பாதி வழியிலேயே பாய்ந்து பந்தை எடுத்துவிடுவாள், ஆனால் எடுத்த பிறகு என்ன செய்வது என்று நின்றுவிடுவாள். அதனால் 3 பேருக்கு 3 பேர் ஆட்டமாகக் குறைத்தேன், அதில் யாரையும் ஒதுக்கிவைத்து ஆடமுடியாது. விதியையும் மாற்றினேன், எதிரணியின் பாதியில் பந்தைப் பிடுங்கி 6 நொடிக்குள் கோல் போட்டால் 2 கோல் கணக்கு. இந்த விதி எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் அதில் அவள் இருக்கிற அணிதான் ஜெயித்தது, திரும்பத் திரும்ப. அடுத்த வாரம் ஆள் பிரிக்கும்போது ஒரு பையன் அவளை முதல் ஆளாக எடுத்தான். அவள் பெரிதாக எதுவும் காட்டிக்கொள்ளவில்லை, ஷூ லேஸை மட்டும் அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

பழைய தெரு ஆட்டமே போதும், கோச் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் அவளைத்தான் சொல்வேன். சுவர், சாக்கடை, சரிவு, நிறுத்திவைத்த ஸ்கூட்டர் எல்லாம் சேர்ந்து எங்கள் தெரு நல்ல பள்ளிக்கூடமாக இருந்தது உண்மை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு இடம் இருந்ததில்லை, மெதுவாகக் கற்கிற பையனுக்கும் இருந்ததில்லை.

மூன்றாவது கதையைச் சொல்ல இன்னும் மனசு கனக்கிறது. 13 வயதுப் பையன், எங்கள் அணியின் பெரிய நம்பிக்கை. ஆறேழு மாசத்தில் மளமளவென்று உயர்ந்தான், அதோடு ஆட்டம் கலைந்துபோனது. காலுக்கு அடியில் பந்து தட்டுப்படவில்லை, திரும்பும்போது தடுமாறினான். சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்து, மற்றவர்கள் முன்னால் திட்டி, கூடுதலாக ரவுண்டு ஓடவிட்டேன். முட்டி வலிக்கிறது என்று ஒரே ஒரு முறைதான் சொன்னான், எனக்குப் பயந்து அப்புறம் சொல்லவில்லை. டாக்டரிடம் போனபோது தெரிந்தது, ஆஸ்குட் ஷ்லாட்டர். எலும்பு வேகமாக வளர்கிற வயதில், தொடைத் தசையின் நாண் முட்டிச் சில்லுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் வளரும் பகுதியை இழுத்து இழுத்து வருகிற வலி. ஓட ஓட, குதிக்கக் குதிக்க அதிகமாகும். நான் ஓடவிட்ட ஒவ்வொரு ரவுண்டும் அதில் சேர்ந்தது. அவன் வீட்டுக்குப் போய் அவனிடமும் அவன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, அவனை இரண்டு அணிக்கும் காமனாக நடுவில் நிறுத்தினேன். பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பக்கம். ஓடவேண்டாம், குதிக்கவேண்டாம், ஷாட் வேண்டாம், இரண்டே டச்சில் பாஸ். வேகத்தை வைத்தே எல்லோரையும் தாண்டிப் பழகியவன், முதல் முறையாக நின்ற இடத்திலிருந்து ஆட்டத்தைப் படிக்க ஆரம்பித்தான். ஆண் பிள்ளைகள் சராசரியாக 13, 14 வயதில்தான் மிக வேகமாக வளர்கிறார்கள், பெண் பிள்ளைகள் அதற்குச் சுமார் 2 வருஷம் முன்னால். இப்போது சாமான் அறைச் சுவரில் மூன்று மாசத்துக்கு ஒரு முறை எல்லோர் உயரத்தையும் பென்சிலால் குறிக்கிறேன். கோடு சட்டென்று மேலே போன பிள்ளைக்கு ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறேன், திட்டுவதை அடியோடு விட்டுவிட்டேன்.

பெற்றோரைச் சமாளிப்பது தனி வேலை. "காசு கட்டி அனுப்புறோம், நீங்க சும்மா விளையாட விடுறீங்க" என்று ஓர் அப்பா நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் என் பயிற்சி இப்போது சந்தை மாதிரிதான் இருக்கும். 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனையை அவருக்குச் சொன்னேன். மூன்று விதமான கையசைவுகளை ஒரு கூட்டம் ஒன்றை முடித்து அடுத்தது என்று வரிசையாகப் பழகியது, இன்னொரு கூட்டம் கலந்து கலந்து பழகியது. பழகும்போது வரிசையாகச் செய்தவர்கள்தான் வேகம். 10 நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். அவர் தலையை ஆட்டினார், நம்பினாரா தெரியாது. ஆனால் பையனைத் தொடர்ந்து அனுப்புகிறார்.

கோனே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இடது கால் வராத பிள்ளைக்குச் சுவரும் பந்தும் தனியாக ஒரு 10 நிமிஷமும் தேவைப்படும், அதை நானே கொடுக்கிறேன். அது அவனுக்கு மட்டும். அவனுக்காக மீதி 17 பேரும் சுவரோரம் நிற்கவேண்டியதில்லை.

கேள்வி கேட்கிற விதத்தையும் மாற்றவேண்டியிருந்தது. "ஏன் அப்படிப் பண்ண?" என்றால் தமிழில் அது திட்டு, பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். "அப்போ உனக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டால் பேசும். "அவன் லெஃப்ட்ல ஃப்ரீயா இருந்தான் சார், ஆனா எனக்கு அவ்ளோ தூரம் கிக் வராது" என்று ஒரு பிள்ளை சொன்னபோது, பார்வையில் கோளாறு என்று நான் நினைத்தது கால் பலத்தின் குறை என்று புரிந்தது. ஆட்டத்தை நிறுத்தி எல்லோருக்கும் பிரசங்கம் செய்வதையும் குறைத்துவிட்டேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், ஓரத்தில் ஒருவரோடு ஒரு நிமிஷம் பேசுவேன், அனுப்பிவிடுவேன்.

பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று 80 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். 6 வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம், அதை அந்தப் பிள்ளையே தன் கையெழுத்தில் எழுதவேண்டும். ஒருவன் கன்னடத்தில் எழுதுகிறான், ஒருத்தி தமிழில் 'பிடுங்கினதும் நிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே ஒவ்வொரு பயிற்சிக்கும் என் கையால் ஒரு வரி. அதைப் பார்த்துத்தான் மறுநாள் ஆட்டத்தின் அகலத்தைக் கூட்டுவதா குறைப்பதா, யாரை யாருக்கு எதிரே நிறுத்துவது என்று ராத்திரி முடிவு செய்கிறேன்.

போன வாரம் ஒரு புதுப் பையன் வந்தான். மர்ஃபி டவுனிலிருந்து நடந்தே வருகிறான். இதுவரை யாரிடமும் பேசவில்லை, என்னிடமும். ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறான், முடிந்ததும் சுவரோரம் போய் இடது காலால் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறான். வலது கால் வராதா, இல்லை வலது காலை மறைக்கிறானா என்று தெரியவில்லை. நோட்டில் அவனுக்கான பக்கத்தில் தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு 3 பேருக்கு 3 பேர், அவனை வலது ஓரத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும்.