மரத்தில் பெயர் பொறிப்பு: புள்ளியும் சுழியும் படுத்தும் பாடு

மரத்துண்டில் பெயர் பொறித்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பது கொஞ்ச காலமாக என் விடுமுறை வேலை. கையில் இருப்பது 10 வாட் டயோடு லேசர். அதன் நீல ஒளி மரத்தின் மேல்தோலைக் கருக்கிக்கொண்டே போகும். எந்திரத்தின் வேலை அவ்வளவுதான். பரிசு நன்றாக வருவதும் சொதப்புவதும் எழுத்துருவையும் மரத்தையும் பொறுத்தது.

அதிகம் மல்லுக்கட்டியது தமிழ் எழுத்தோடுதான். சாவிக்கொத்து அளவுக்கு 'கண்ணன்' என்று பொறித்துப் பாருங்கள். ண, ன இரண்டின் சுழிக்குள் இருக்கும் இடைவெளி கருகி அடைந்துவிடும். புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தள்ளி நின்று பார்த்தால் ஏதோ கரிக்கறை. தடித்த எழுத்துரு அழகாக இருக்கிறதே என்று எடுத்தால் இன்னும் மோசம். இப்போது மெல்லிய கோடுள்ள எழுத்துருதான் எடுக்கிறேன். உயரம் 8 மி.மீ.க்குக் கீழே போவதில்லை. எழுத்துகளைச் சற்று விலக்கி, புள்ளியை மட்டும் ஒரு இழை மேலே தூக்கி வைக்கிறேன். வேறு எதுவும் மாற்றாமலே பெயர் பளிச்சென்று படிக்க வருகிறது.

இன்னொரு தொல்லை: சில லேசர் மென்பொருள்களில் நேரடியாகத் தமிழில் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாகக் கொண்டுபோனால் பிரச்சினை இல்லை.

அப்புறம் மரம். பைன் மலிவு, மென்மை, ஆனால் எழுத்துக்கு ஆகாது என்பது என் கட்சி. அதில் வெளிர்ந்த மெத்தென்ற வரியும் அடர்ந்த கெட்டி வரியும் மாறி மாறி ஓடும். மெத்தென்ற இடம் ஆழமாகக் கருகும், கெட்டி இடம் லேசாகத்தான் பிடிக்கும். ஒரே கோடு நடுநடுவே விட்டுப்போன மாதிரி தெரியும். பீச், மேப்பிள் போல ரேகை நெருக்கமான வெளிர் மரங்களில் சிறு எழுத்துகூடக் கூர்மையாக நிற்கிறது. வால்நட் பார்க்க அம்சம்தான். ஆனால் மரமே கருப்பாக இருப்பதால் மெல்லிய கோடு அதில் அமுங்கிப்போகும். பெரிய எழுத்தென்றால் சரி.

எந்த மரமானாலும் அதே பலகையின் வெட்டுத்துண்டில் வேகத்தையும் ஆற்றலையும் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னக் கட்டங்கள் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெயரில் கை வைக்கிறேன். லேசர் அடுத்தடுத்து ஓட்டும் கோடுகளுக்கு நடுவே இடைவெளி பெரும்பாலும் 0.1 மி.மீ.

புகைக்கறைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்வார்கள். தமிழ்ப் பெயரில் பொறித்து முடித்தபின் ஒவ்வொரு சுழிக்குள்ளிருந்தும் டேப் துணுக்கைச் சாமணத்தால் பிடுங்குவதற்குள் பொறுமை போய்விடும். அதற்குப் பதில் மெலிதாக ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஒரு கை பூசிக் காயவிட்டுப் பொறித்தால், கறை மரத்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கிறது. ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாலே பெரும்பகுதி போய்விடும்.

செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அச்செழுத்தே இல்லாத ஒன்று. நண்பர் ஒருவர் தன் அப்பாவின் பழைய கடிதம் கொண்டுவந்தார். கடைசி வரியை மட்டும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து கோட்டு வடிவமாக்கினேன். 'இரு' என்பதில் ரகரத்தின் கால் நடுங்கியிருந்தது, பேனா ஒரு இடத்தில் மை விட்டிருந்தது. மென்பொருள் இரண்டையும் மழுங்கடிக்கப் பார்த்தது. நான் விடவில்லை. அந்த நடுக்கம்தானே அப்பா!

பொறித்ததும் பழைய பல்துலக்கியால் கரியைத் தேய்த்து எடுக்கிறேன். உப்புத்தாள் போட்டால் கரி மரத்தில் ஈஷிக்கொள்ளும். மேலே ஆளிவிதை எண்ணெய். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போட வேண்டும். லேசருக்கு ஏற்ற பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் புகை வெளியேற வழியும் இல்லாமல் எந்திரத்தைத் தொடுவதே இல்லை. பிவிசி பிளாஸ்டிக் எதையும் அதன் கீழே வைப்பதில்லை, நச்சு வாயு வரும்.

அடுத்து ஒரு பெட்டி மூடியில் முழுக் கடிதத்தையும் பொறிக்கப் போகிறேன். மேப்பிள் பலகை வந்தாயிற்று, சோதனைக் கட்டங்கள் பாக்கி.