பில்லின் கடைசி வரி

திருச்சியில் ஒரு பெரிய துணிக்கடையின் பில்லிங் கவுண்டரில் சில வருஷம் வேலை பார்த்தேன். பிறகு வேறோர் ஊரில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷ் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. இரண்டு இடத்திலும் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாதி சரக்கின் விலைக்காக வந்ததில்லை. 3,000 ரூபாய்ப் புடவைக்கு மறுபேச்சில்லாமல் பணம் எடுப்பவர், பில்லின் கடைசியில் 12 ரூபாயைப் பார்த்ததும் கையை நிறுத்திவிடுவார். "இது என்னம்மா?" என்பார். துணியைப் போட்டுத்தரும் பைக்கான காசு.

கூட வேலை பார்த்த பிள்ளைகளில் சிலர், "இவ்வளவுக்குத் துணி எடுக்கிறாங்க, பன்னெண்டு ரூபாய்க்கு இப்படியா" என்று அலுத்துக்கொள்வார்கள். எனக்கு வாடிக்கையாளரின் கோபம் நியாயமாகவே பட்டது. புடவையின் விலையை அவர் முதலிலேயே பார்த்தார், யோசித்தார், இன்னும் நாலு புடவையை விரித்துப் பார்த்து, இதுதான் என்று முடிவெடுத்தார். பையைப் பற்றி அவரிடம் யாருமே கேட்கவில்லை.

2019 ஜனவரி 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. அதுவரை கவர் இலவசம். தீபாவளி, கல்யாண ஜவுளி என்றால் கடை பெயர் போட்ட கட்டைப்பையும் கிடைக்கும். அதைப் பத்திரமாக வைத்திருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. தடைக்குப் பிறகு காகிதப்பை, துணிப்பை என்று மாறியது. கடைக்குச் செலவும் கூடியது. அந்தச் செலவை வாடிக்கையாளரிடமே வாங்கலாம் என்று நிர்வாகத்தில் முடிவெடுத்தார்கள். "கவர்மெண்ட் ரூல் சார்" என்று சொல்லச் சொன்னார்கள். எந்தப் பையைத் தரக்கூடாது என்பதுதான் அந்தத் தடை உத்தரவு. தருகிற பைக்குக் காசு வாங்கியே ஆகவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பிளாஸ்டிக் பைக்கு விலை வைப்பது பற்றி 2016-இன் மத்திய அரசு விதிகளில் ஒரு பிரிவு இருந்தது. 2018-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் கடையில் அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். வாசலில் நுழைந்ததும் வலது பக்கம் பேக் கவுண்டர். கையில் எந்தப் பை இருந்தாலும் அங்கே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று மாடி. எடுத்த துணியெல்லாம் கீழே பில்லிங்குக்கு வந்து சேரும். நாங்கள் ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணி முடித்ததும், துணியின் அளவைப் பார்த்து சின்னது, நடுத்தரம், பெரிது என்று ஒரு பைக்கான கோட் நம்பரைத் தட்டுவோம். அது பில்லின் கடைசி வரியாக ஏறிவிடும். பையும் ஒரு சரக்கு, அதற்கும் ஸ்டாக் கணக்கு உண்டு. எந்தக் கவுண்டரில் பை குறைவாகப் போயிருக்கிறது என்று ராத்திரி கேஷ் டேலி பார்க்கும்போது கேள்வி வரும்.

ஒரு ஆடி மாதம், லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேத்தியின் சடங்குக்குத் துணி எடுக்க வந்திருந்தார். பில்லைக் கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது, ஒருவர் உச்சுக்கொட்டவும் ஆரம்பித்துவிட்டார். பெரியவரின் விரல் கடைசி வரியில் நின்றது.

"இது என்ன பாப்பா?"

"பைக்கு, ஐயா."

"நான் பை கொண்டாந்திருக்கேன்ல. வாசல்ல வாங்கி வச்சுக்கிட்டாங்களே."

"உள்ள கொண்டுவரக் கூடாதுங்க ஐயா."

"என் பையை நீங்க வாங்கி வச்சுக்கிட்டு, உங்க பையை எனக்கு வெலைக்குக் குடுக்கிறீங்க. இது எந்த ஊரு நியாயம்மா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். சூப்பர்வைசர் அண்ணன் ஓடிவந்து, "விடுங்க ஐயா, பன்னெண்டு ரூபாதானே" என்றார். "பன்னெண்டு ரூபாதானே, அப்ப நீங்க விடுங்க" என்றார் பெரியவர். பில்லை ரத்து செய்து பை இல்லாமல் மறுபடி போட்டோம். துண்டை உதறி அதில் துணிகளை முடிந்துகொண்டு டோக்கனோடு வாசலுக்குப் போனார்.

அவர் கேட்டதையேதான் பின்னால் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையமும் கேட்டது. 2020 டிசம்பரில், பிக் பஜார் கடைகள் பைக்குக் காசு வாங்கிய வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. பொருளை எடுத்து முடித்துப் பணம் கட்ட நிற்கும்போது பைக்கு விலை உண்டென்று சொல்வது முறையற்ற வணிக நடவடிக்கை என்றது ஆணையம். அந்தக் கடைக்குள் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்பே, பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, பைக்குத் தனி விலை உண்டு, அது எவ்வளவு, பை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. சொந்தப் பையை உள்ளே விடாததையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த வழக்கம் உடனே நிற்கவேண்டும் என்பது உத்தரவு.

அதற்கு முன்பே, 2019-இல் சண்டிகர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் ஒருவர் காகிதப்பைக்கு வாங்கிய 3 ரூபாய்க்காக பாட்டா நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 3 ரூபாயைத் திருப்பித் தருவதோடு, இழப்பீடு, வழக்குச் செலவு, சட்ட உதவிக் கணக்குக்கு ஒரு தொகை என்று 9,000 ரூபாய்க்கு மேல் கட்டச் சொன்னார்கள். கடையின் பெயர் போட்ட பையைக் காசுக்கு விற்றால், வாங்குகிறவரே காசு கொடுத்துக் கடைக்கு விளம்பரம் செய்கிறார் என்றாகிறது. அதையும் அந்த மன்றம் கண்டித்தது. 2023-இல் பெங்களூரு ஐகியா கடை மீதும் இதே மாதிரி, 20 ரூபாய்ப் பைக்காக ஒரு பெண் போட்ட வழக்கில் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு.

இதையெல்லாம் வைத்துப் பைக்குக் காசே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பை செய்யச் செலவாகிறது. வீட்டிலிருந்து பை கொண்டுவரும் பழக்கம் திரும்பினால் நல்லதுதான். மீண்டும் மஞ்சப்பை என்று அரசே 2021-இல் இயக்கம் தொடங்கியது. என் குறையெல்லாம் அதைச் சொல்லும் நேரத்தைப் பற்றித்தான். பில்லிங் கவுண்டர் என்பது வாடிக்கையாளர் திரும்பிப்போக முடியாத இடம். மூன்று மாடி ஏறி இறங்கிய அலுப்பு, இடுப்பில் குழந்தை, பின்னால் வரிசை. 12 ரூபாய்க்காகப் பேசினால் கஞ்சன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இந்தக் காசு அங்கே வைக்கப்படுகிறது.

பை மட்டுமில்லை. ஆடித் தள்ளுபடியில் 40 சதவீதம் என்று போர்டு வைத்துவிட்டு, கழித்த விலைக்கு மேல் வரியைத் தனியாகப் போடும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். ரெடிமேட் சட்டையின் அட்டையில் இருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த விலை. அதில் தள்ளுபடி என்று விளம்பரம் செய்தபின் வரியைத் தனியாகக் கேட்கக்கூடாது என்று 2017 ஜனவரியிலேயே தேசிய ஆணையம் சொல்லியிருக்கிறது. அப்போது வாட் வரி, இப்போது ஜி.எஸ்.டி. வரியின் பெயர் மாறினாலும் எம்.ஆர்.பி.யின் பொருள் மாறவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தண்ணீர் பாட்டிலுக்கும் கூல்டிரிங்ஸுக்கும் "கூலிங் சார்ஜ்" என்று 2 ரூபாய், 5 ரூபாய் கூடக் கேட்பார்கள். சில்லறை விற்பனையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது பொட்டலப் பொருள் விதிகளின்படி குற்றம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலுக்கு மட்டும் இது பொருந்தாது, 2017-இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்த்துவிட்டது. கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூட என்பார்கள். டெபிட் கார்டுக்கு அப்படிக் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் காசை வைப்பவர்கள் யாரும் கவுண்டரில் நிற்பதில்லை. திட்டு வாங்குவது பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைக்கு வந்த பிள்ளை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார ஸ்டூல் தரவேண்டும் என்று சட்டம் வந்ததே 2021-இல்தான். "கொள்ளையடிக்கிறீங்களா?" என்று அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்டால் அது அழும், மறுநாளும் அதே கோட் நம்பரைத் தட்டும், ஏனென்றால் அதை நிறுத்தும் அதிகாரம் அதனிடம் இல்லை. அந்தப் பிள்ளையிடம் பில்லை மட்டும் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. மேனேஜரை அழைத்து, "இது எங்கே எழுதிப் போட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே காசு திரும்பிவிடும்.

வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம்; தமிழிலும் பேசுவார்கள், கடையைத் தொடர்புகொண்டு தீர்க்கப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். அதுவரை பில்லைப் பத்திரமாக வையுங்கள். இப்போதெல்லாம் பில் அச்சு சில மாதத்தில் மங்கிவிடுகிறது, வாங்கிய அன்றே போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வேலைக்கு வந்த இடத்தில் முதலாளியிடம் இதைப் பேசினேன். சொந்தப் பையை உள்ளே விட்டால் பொருள் காணாமல் போகும் என்பதுதான் அவருடைய பயம். காலிப் பையை மடித்துக் கையில் வைத்துக்கொள்ளட்டும், பொருள் இருக்கும் பையை மட்டும் வாசலில் டேக் போட்டுக் கட்டிவிடலாம் என்று பேசி முடித்தோம். வாசலில், டிராலி எடுக்கும் இடத்துக்கு மேலேயே, எந்தப் பை என்ன விலை என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம். பை விற்பனை பாதியாகக் குறைந்தது. முதலாளி முகம் சுருங்கத்தான் செய்தது, ஆனால் போர்டை எடுக்கச் சொல்லவில்லை. முதல் பொருளை ஸ்கேன் பண்ணுவதற்கு முன்பே "பை வச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்கவேண்டும் என்பது கவுண்டர் பிள்ளைகளுக்கு வழக்கமாகிவிட்டது.

இன்னும் பல பெரிய கடைகளில் அந்த அறிவிப்பை கேஷியரின் தலைக்குப் பின்னால் ஓர் ஏ-4 தாளில் ஒட்டிவைத்து, தெரிவித்துவிட்டோம் என்கிறார்கள். அந்தத் தாளைப் படிக்கும் தூரத்துக்கு வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது பில் பாதி ஏறியிருக்கும்.