வாய் திறக்காதவர்களின் சீட்டுகள்

2012 மாம்பழ சீசன். சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. காட்பாடியிலிருந்து தினமும் பஸ். ஜூன் பிறந்தால் வாசலில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். வண்டி எடைமேடை ஏறி இறங்கியதும் லினக்ஸ் சர்வரில் ஒரு சின்ன ஃபைல் உருவாகும், அதைத்தான் சீட்டு என்போம்: வண்டி எண், பழத்தோடு எடை, காலி வண்டி எடை, விவசாயியின் பெயர். அதை வைத்துத்தான் பணம்.

அந்த ஃபைல்கள் காணாமல் போயின. எல்லாமும் அல்ல, அதுதான் குழப்பியது. அந்த வருஷம் பணம் தருவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அடிக்கடி வந்து சத்தம் போட்டவர்களின் சீட்டு பத்திரமாக இருந்தது. வாய் திறக்காமல் காத்திருந்தவர்களுடையது இல்லை. யாரோ ஆள் பார்த்து அழிக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரவு ஷிப்டில் எடைமேடையில் இருந்த பையன் மேல் பழி விழுந்தது.

“நான் தொடவே இல்ல அண்ணா” என்றான். முகம் வெளிறிப் போயிருந்தது. மேனேஜர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டேன்.

ஃபைல்கள் எல்லாம் படிக்க மட்டுமே அனுமதி உள்ளவை. “எழுதவே முடியாத ஃபைலை எப்படி சார் அழிக்க முடியும்?” என்றார் மேனேஜர். லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை சிஸ்டங்களில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. டைரக்டரி, அதாவது ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர், ஒரு பேரேடு மாதிரி. அதில் பெயரும் அதற்குரிய எண்ணும் மட்டுமே இருக்கும். ஃபைலை அழிப்பது என்றால் பேரேட்டிலிருந்து அந்த வரியை அடிப்பது. அதற்கு டைரக்டரியில் எழுதும் உரிமை போதும், ஃபைலின் உரிமையை யாரும் கேட்பதில்லை. அந்த டைரக்டரியோ 777, யார் வேண்டுமானாலும் எழுதலாம். இதைச் சொன்னபோது பையன் மேல் சந்தேகம் இன்னும் கூடியது. ஆனாலும் மறைக்க முடியுமா?

சரி, மெஷினையே கேட்போம் என்று யார் எப்போது எதை அழிக்கிறார்கள் என்று பதிவு செய்யும் ஆடிட் கண்காணிப்பை அந்த டைரக்டரி மேல் வைத்தேன். மறுநாள் காலை மேலும் சில சீட்டுகள் இல்லை. பையன் வீட்டில் இருக்கிறான்! பதிவைத் திறந்தால் நேரம் விடியற்காலை 4:02, அழித்தது ரூட், அதாவது சிஸ்டத்தின் தலைமைக் கணக்கு; நிரலின் பெயர் டெம்ப்வாட்ச்.

முன்பு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் சீட்டுகளை டெம்ப் டைரக்டரிக்குள் வைத்திருக்கிறார். அது தற்காலிகக் குப்பைக்கான இடம். எங்களிடம் இருந்த லினக்ஸ் சென்ட்ஓஎஸ் 5. அது டெம்ப்வாட்சை ஓட்டி, 240 மணி நேரமாக யாரும் திறக்காத ஃபைலை அங்கிருந்து தினமும் பெருக்கித் தள்ளிவிடும். முந்தைய வருஷங்களில் சனிக்கிழமைதோறும் கணக்கு முடிந்துவிடும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது பணம் பத்து நாளைத் தாண்டியது. சத்தம் போட்டவருக்குப் பதில் சொல்ல கிளார்க் அவர் சீட்டைத் திறப்பார். திறந்ததும் கடைசியாகப் படித்த நேரம் புதிதாகும், சீட்டு பிழைக்கும். கேட்காதவர் சீட்டை யாரும் திறக்கவில்லை. இது புரிந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டைரக்டரியை வேறு இடத்துக்கு மாற்றினேன், உரிமைகளை இறுக்கினேன். அது பத்து நிமிஷ வேலை. போன சீட்டுகள்தான் பெரிய பாடு. எடை போட்டதும் கையில் கொடுத்த துண்டுச் சீட்டோடு வரச் சொல்லி எல்லோருக்கும் போன் செய்தோம். பங்காருபாளையத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். மழையில் நனைந்து மடிப்பில் மை ஊறியிருந்தது.

பையனை மேனேஜரே போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். அவன் அந்தத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். நான் டைப் செய்தேன். பெரியவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் தன் பெயர் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.