மோட்டார் பூட்டுவது எளிது, கோட்டம் எடுப்பதுதான் வேலை

என் பழைய சைக்கிளில் மோட்டார் பூட்ட நினைத்தபோது எனக்கு வேகம் வேண்டியிருக்கவில்லை. அல்சூரிலிருந்து கோரமங்கலாவுக்கு, வியர்வையில் நனைந்த சட்டையோடு போய் நிற்காமல் வேலைக்குச் சேர்ந்தால் போதும். பெங்களூரு பீடபூமிதான், ஆனால் இங்கே சைக்கிள் மிதித்தவர் யாரும் இதைச் சமதரை என்று சொல்ல மாட்டார்கள்.

சைக்கிளில் பூட்டும் பெட்ரோல் இன்ஜின் கிட் (உதிரிபாகத் தொகுப்பு) பார்ப்பதற்கு ஆசையாகத்தான் இருந்தது. 80 சிசி என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்குக்கும் குறைவான சக்கரங்கள் உள்ள வண்டியில் இன்ஜின் 25 சிசியைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவெண் இல்லாமல் சாலையில் இறக்க முடியாது. பேட்டரி வண்டிக்கோ, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். அந்த வரம்புக்குள் வரும் 36 வோல்ட் கிட் ஒன்றை வாங்கினேன்.

மோட்டாரை முன் சக்கரத்தில் வைக்க முடிவு செய்தேன். செயின் பக்கம் கை வைக்க வேண்டியதில்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் என் சைக்கிளில் கெட்டியான இரும்பு. அலுமினிய ஃபோர்க் என்றால் இந்த யோசனையே வேண்டாம். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதே விசை சக்கரத்தின் நடு அச்சான ஆக்சிலைப் பின்னால் திருகப் பார்க்கும். நட்டை மட்டும் நம்பினால், ஒருநாள் ஆக்சில் தானே சுழன்று ஒயரை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆக்சிலின் தட்டைப் பக்கத்தைக் கவ்வும் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, அதன் மறுமுனையை ஃபோர்க்கோடு சேர்த்து இறுக்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

ஒயர்களை இணைக்கும் கனெக்டர், மேலே போர்த்தும் ஸ்லீவ் எல்லாம் மின் உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. சாலையில் கிடைத்தன. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலருக்குள் நுழையுமுன் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்தேன். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் லீவரைச் சிலர் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், விளக்கை வேண்டுமானால் பிறகு வாங்கலாம், இதை முடியாது.

ஓட ஆரம்பித்த பிறகு தொல்லை கொடுத்தது சக்கரம். அதன் புது ஆரக்கம்பிகள் பள்ளங்களில் விழுந்து விழுந்து தளர்ந்து, சக்கரம் கோட்டமாகி, அதாவது கோணலாகி ஆட ஆரம்பித்துவிட்டது. தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் சேலத்து அண்ணன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோட்டம் நான் எடுத்துத் தருகிறேன் தம்பி, ஒயரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். கம்பியை விரலால் தட்டி ஓசை கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். இப்போது அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. எடை கூடியதால் பிரேக் கட்டையும் முன்பைவிடச் சீக்கிரம் தேய்கிறது.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி இருக்கும். கூடவே மிதித்தால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-மணிதான் செலவு. போய் வரத் தாராளம். 36 வோல்ட் பேட்டரி என்றாலும் முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும். ஊருக்குப் போகும்போது அப்படி நிரப்பி வைத்துவிட்டுப் போவதில்லை. பாதி அளவில் விட்டால் பேட்டரி நீடித்து உழைக்கும். இரவில் தூங்கும்போது சார்ஜில் போடுவதும் கிடையாது. அடுத்து மாற்றப் போவது முன் பிரேக்.