இத்தனை வெயில் இருந்தும்

வேலை முடிந்து வந்தபோது கதவிடுக்கில் ஒரு கடிதம் செருகியிருந்தது. குடியிருப்பு அலுவலகம் அனுப்பியது. என் பால்கனிக் கம்பியில் துணி தொங்குகிறதாம், கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறதாம், உடனே எடுத்துவிட வேண்டுமாம். சாட்சிக்கு ஒரு புகைப்படம் வேறு. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த என் மதுரைச் சுங்குடிப் புடவை, அமெரிக்காவில் நான் வசிக்கும் ஃப்ரீமான்ட் நகரின் மாலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. முதலில் புடவையின் அழகுதான் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகுதான் சுருக்கென்றது.

துவைத்த துணியை வெயிலில் போட்டதற்காக ஒருவருக்குக் கடிதம் வரும் என்று எங்கள் வீட்டில் சொன்னால் யார் நம்புவார்கள்? அம்மா நம்பவில்லை.

"ஏன்டி, அங்கே வெயிலே கிடையாதா?"

"நன்றாக அடிக்கிறதும்மா."

"பிறகென்ன?"

"வெளியே காயப்போடக் கூடாதாம்."

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: "எடுத்துச் சொல்ல அங்கே பாட்டிமார் யாருமே இல்லையா?"

கலிபோர்னியாவின் இந்தப் பகுதியில் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை மழை பெய்வதே அரிது. காற்றிலும் சென்னையின் புழுக்கம் கிடையாது. துணி உலர்த்தவென்றே வாய்த்த ஊர். ஆனால் எங்கள் குடியிருப்பின் சலவை அறையில் கோடை முழுவதும் டிரையர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கால் டாலர் நாணயங்களைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரத்தில் ஓடும் சாதாரண டிரையர் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 3 யூனிட் இழுக்கும். அறைக்கு வெளியே தரை கொதிக்கிறது. உள்ளே இயந்திரம் காற்றைச் சூடாக்கித் துணியின் மேல் ஊதுகிறது. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

டிரையரின் வடிகட்டியை இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெத்தென்று பஞ்சு சேர்ந்திருக்கும். அது அழுக்கல்ல. நம் சட்டையிலிருந்தும் துண்டிலிருந்தும் உதிர்ந்த நூல்தான். ஒவ்வொரு தடவையும் துணி கொஞ்சம் மெலிகிறது. பருத்தி சுருங்குகிறது, எலாஸ்டிக் தளர்ந்துபோகிறது. பிறகு புதுத்துணி வாங்கக் கடைக்குப் போகிறார்கள்.

மற்ற விஷயங்களில் இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போய் வெகு நாளாகிறது. நான் வந்தபோது கடும் வறட்சி. வழக்கமாக ஐந்தடிக்கு மேல் பனி கிடக்கும் சியரா நெவாடா மலைப்பகுதியில் வெறும் புல்தரை தெரிந்தது. 2015 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அந்தப் புல்லில் நின்றபடிதான் நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார். மறுவாரம் அலுவலகத்தில் ஒரு பெண்மணி, ஷவரில் வெந்நீர் வரும்வரை வீணாகும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவதாகப் பூரிப்போடு சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அரிசி களைந்த தண்ணீரைக்கூட வாசல் செடிக்கு ஊற்றுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். அன்று மாலையே ஒரு வாளியும் குவளையும் வாங்கிவிட்டேன். குளியல் முழுவதும் அதில்தான். இன்றுவரை ஷவரைத் திறப்பதில்லை.

பை விஷயத்திலும் நிம்மதிதான். 2016 நவம்பர் வாக்கெடுப்பில் இந்த மாநில மக்கள் கடைகளின் மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டார்கள். வேறு பை வேண்டுமென்றால் குறைந்தது 10 சென்ட். நான் எடுத்துப்போவது கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பைகள். மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாம் அச்சடித்தவை. காசு வாங்கும் பெண் ஒருநாள் ஆசையாக விசாரித்தாள். மாப்பிள்ளை யார், பெண் யார், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் நின்ற வரிசை நீண்டுபோனது, அவள் அசரவில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது அந்தச் செய்தியையும் அவளிடம் போய்ச் சொன்னேன்.

காய்கறித் தோலுக்குத் தனித் தொட்டி, பஸ் பயணம், கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொள்வது. எல்லாம் பழகிவிட்டது. இந்த ஊர்க்காரியாகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் டிரையரிலிருந்து எடுத்த போர்வையை மடிக்கும்போது மனம் மதுரைக்குப் போய்விடுகிறது. அந்தத் துணியில் வாசனையே இல்லை. எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர்வரை மூன்று கொடிகள். வெள்ளைத் துணி வெயிலில், சாயத்துணி நிழல் விழும் பக்கம், உள்புறத்தை வெளியே திருப்பி. கஞ்சி போட்ட புடவை விறைத்து நிற்கும். சாயங்காலம் அம்மா ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்து, இழுத்து, உதறி, நெருங்கி வந்து மடிப்போம். என் பள்ளிக்கூடக் கதையெல்லாம் அந்த மடிப்புகளுக்கு நடுவில்தான் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. திடீரென்று தூறினால் எந்த மாடியிலிருந்தாவது ஒரு குரல் வரும். தெருவே மாடிக்கு ஓடும். ஆளில்லாத வீட்டுத் துணியையும் பக்கத்து வீட்டு அக்கா சேர்த்து எடுத்து வைத்திருப்பார். இங்கே ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் துணி என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

கொடி கட்டுவதற்கு இந்த நாட்டில் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. புளோரிடாவில் 1980 முதலே அப்படியொரு சட்டம் உண்டு. கலிபோர்னியாவில் 2015இல்தான் வந்தது. தனக்கென்று கொல்லைப்புறம் உள்ளவர், வாடகைக்காரரானாலும், கொடி கட்டலாம். வீட்டுச் சங்கம் அதற்கு அடியோடு தடை போட முடியாது. ஆனால் பால்கனியும் அதன் கம்பியும் கொடியாகக் கணக்கில் வராது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆக, கொல்லைப்புறம் இல்லாத எங்களைப் போன்ற அடுக்கக வாசிகளுக்கு அதனால் பயன் இல்லை. துணி தொங்கினால் ஏழைகளின் இடம்போலத் தெரியுமாம், வீட்டு மதிப்பு இறங்குமாம். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. துவைத்துச் சுத்தமான துணியைப் பார்த்து வெட்கப்பட என்ன இருக்கிறது?

இப்போதைக்குக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு மடக்குத் தாங்கி வைத்து உலர்த்துகிறேன். சிறிய துணிகள் ஒரே பகலில் காய்ந்துவிடுகின்றன. புடவைக்கு அது போதவில்லை.

கீழ்த்தளத்தில் மெக்சிகோவைச் சேர்ந்த ஓர் அம்மா இருக்கிறார். கடிதம் அவருக்கும் வந்திருந்தது, போர்வைக்காக. அவர் ஊரிலும் மொட்டை மாடியில்தான் துணி காயுமாம். இருவரும் கட்டடத்தைச் சுற்றி நடந்து இடம் பார்த்தோம். கார் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு நீளமான புல்தரை கிடக்கிறது. காலையிலிருந்து மாலைவரை வெயில். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே நான்கு கம்பம் நட்டுப் பொதுக் கொடி கட்ட அனுமதி கேட்டு மனு எழுதியிருக்கிறோம். எதிர்வீட்டுக் குஜராத்திக் குடும்பம் கையெழுத்திட்டுவிட்டது. மேல்தளத்துப் பெரியவர் பறவை எச்சமிடுமே என்று தயங்கினார். விடியலில் போட்டு மதியத்துக்குள் எடுத்துவிடலாம் என்று விளக்கியதும் அவரும் கையெழுத்துப் போட்டார். கயிறும் கிளிப்பும் எங்கள் செலவு என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் கொடுக்கிறோம். மறுத்தால் அதற்கடுத்த கூட்டத்திலும் கொடுப்போம்.