பி.டி. (இறையியல் இளங்கலை) பழைய ஏற்பாட்டுத் தாள்: பாபேல் கேள்விக்கு நான் படித்த விதம்

ரிசல்ட் வந்துவிட்டது. பழைய ஏற்பாட்டில் எதிர்பார்த்ததைவிட நல்ல மதிப்பெண். ஆதியாகமம் 11:1-9 வியாக்கியானக் கேள்விதான் தூக்கிவிட்டது என்று உறுதியாக நம்புகிறேன். ஒரே பாஷை பேசியவர்கள் பாபேலில் கோபுரம் கட்ட, கர்த்தர் பாஷையைக் குழப்பி அவர்களைச் சிதறடித்த கதை அது. ஜூனியர்கள் கேட்டதால் எழுதுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விளக்கவுரையைத் தொடும் முன் அந்த ஒன்பது வசனங்களையும் பார்க்காமல் கையால் எழுதுங்கள். பிறகு வேதாகமத்தைத் திறந்து, நீங்களாகச் சேர்த்ததையெல்லாம் அடித்துவிடுங்கள். மற்ற எல்லா ஆலோசனையும் இதற்கு அப்புறம்தான். ஞாயிறு பள்ளியில் கேட்டதும் பிரசங்கத்தில் கேட்டதும் நமக்குத் தெரியாமலே வசனத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆதியாகமம் 10இல் வரும் பராக்கிரமசாலி நிம்ரோத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 10:10 பாபேலை அவன் ராஜ்யத்தின் தொடக்கத்தில் வைக்கிறது, அவ்வளவுதான். 11ஆம் அதிகாரத்தில் அவன் பெயரே கிடையாது. கோபுர வேலைக்கு அவனைத் தலைவனாக்கிச் சொல்பவர் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். கோபுரம் இடிந்து விழுந்ததாகவும் ஆதியாகமத்தில் இல்லை. காற்று வந்து கவிழ்த்தது என்பது, ஆதியாகமக் கதைகளைத் திருப்பிச் சொல்லும் பழைய யூத நூலான யூபிலி நூலில் வருவது. 8ஆம் வசனம் ‘நகரம் கட்டுதலை விட்டுவிட்டார்கள்’ என்று முடிகிறது. மசோரெத் பாடம் எனப்படும் மரபான எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் கோபுரம் இல்லை, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் சேர்க்கிறது. இதை ஒரு வரி எழுதினாலே போதும், நீங்கள் மூலத்தோடு உட்கார்ந்தவர் என்று திருத்துபவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, அவர்கள் செய்த பாவம் என்ன என்ற கேள்வி. சுற்றில் வரும் நோட்ஸ்கள் எல்லாம் ‘பெருமை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் கோபமே உண்டு. 4ஆம் வசனத்தை மெதுவாக வாசியுங்கள். ‘நமக்குப் பேர் உண்டாகப்பண்ணுவோம்’ என்பவர்கள்தான் ‘சிதறிப்போகாதபடிக்கு’ என்றும் சொல்கிறார்கள். பெருமைக்குள்ளேயே ஒரு பயம் இருக்கிறது. பூமியை நிரப்புங்கள் என்ற 9:1 கட்டளையை இந்தப் பயத்தோடு சேர்த்து எழுதுங்கள். பேரைப் பெருமைப்படுத்துவேன் என்று 12:2இல் ஆபிராமுக்குக் கடவுளே சொல்வதையும் விட்டுவிடாதீர்கள். வானத்தை அளாவும் கோபுரத்தைப் பார்க்கக் கர்த்தர் ‘இறங்கினார்’ என்ற 5ஆம் வசனம்தான் கதையின் நடு அச்சு. அதற்கு ஒரு தனிப் பத்தி கொடுங்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. விடியற்காலையில் ஹாஸ்டல் வராந்தாவில் தனியாக வாய்விட்டு வாசித்துத்தான் இதெல்லாம் பிடிபட்டது. பேசிப் பேசிப் படிப்பவர்களுக்கு வேறு வழி இருக்கலாம், அதை அவர்களிடமே கேளுங்கள்.

பின்னணிக்கு நான் வைத்திருந்தவை:

- எத்தெமெனங்கி: பாபிலோனில் மர்தூக் தெய்வத்தின் சிகுராத் (படிப்படியாக உயரும் கோயில் கோபுரம்). அடித்தளம் ஒரு பக்கம் சுமார் 91 மீட்டர். இரண்டாம் நேபுகாத்நேச்சார் (கி.மு. 605-562) காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. 1899 முதல் 1917 வரை அங்கே அகழ்ந்தவர் ராபர்ட் கோல்டுவை.
- செங்கல்லும் நிலக்கீலும் (வ. 3): கல் அரிதான மெசொப்பொத்தாமிய வண்டல் நிலத்தின் கட்டுமான முறை. கல்லால் கட்டிப் பழகியவனின் வியப்பு அந்த வசனத்தில் தெரிகிறது.
- சுமேரியக் கதை ‘என்மெர்கரும் அரத்தாவின் தலைவனும்’: மனிதர் பேச்சை மாற்றுபவர் என்கி என்ற தெய்வம்.
- குர்ஆன்: பாபேல் கோபுரக் கதை இல்லை. 28:38இல் ஃபிர்அவ்ன் (எகிப்தின் பார்வோன்) களிமண்ணைச் சுட்டு உயர்ந்த மாளிகை கட்டச் சொல்வது ஹாமானிடம். 30:22 மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சி என்கிறது. ஒப்பீட்டுக் கேள்விக்கு இதைவிட நல்ல வசனம் எனக்குக் கிடைக்கவில்லை.

10ஆம் அதிகாரத்தில் ஜாதிகளுக்கு ஏற்கெனவே தனித்தனி பாஷை இருக்கிறதே (10:5, 20, 31) என்று கட்டாயம் கேட்பார்கள். ஆவணக் கொள்கையை, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள் வெவ்வேறு மூல மரபுகளைச் சேர்த்துத் தொகுக்கப்பட்டவை என்ற கருத்தை, அங்கே நுழைக்கலாம். 11:1-9 யாவிஸ்ட் மரபு (கடவுளை யாவே என்று அழைப்பது), அந்த மூன்று வசனங்களும் ஆசாரிய மரபு (ஆசாரியர் வட்டத்தில் உருவானது) என்பதே வழக்கமான பிரிப்பு.

அப்போஸ்தலர் 2ஐ ‘பாபேல் சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கி அவர்கள் பல பாஷைகளில் பேசிய பெந்தெகொஸ்தே நாளில் பழைய ஒரே பாஷை திரும்பி வரவில்லை. அங்கே கூடியிருந்த பார்த்தர், மேதர் போன்ற பல தேசத்தாரும் அவரவர் பாஷையிலேயே கேட்டார்கள். கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.