36 கிராம் தண்ணீரில் எத்தனை மச்சம்?

கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் கணினி நிரல்களான மொழி மாதிரிகளின் தமிழைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்த முதல் மாதம், "36 கிராம் தண்ணீரில் எத்தனை மச்சங்கள் உள்ளன?" என்றொரு கேள்வி கண்ணில் பட்டது. ஆங்கிலத் தேர்வு ஒன்றை இயந்திரத்தை வைத்தே தமிழாக்கியிருந்தார்கள். பொருளின் அளவைச் சொல்லும் வேதியியல் அலகான மோல், மச்சமாகிவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், மாதிரி "2" என்று சரியாகவே சொல்லியிருந்தது. மதிப்பெண்ணும் விழுந்திருந்தது. தண்ணீரையும் 36-ஐயும் பார்த்து ஊகித்ததா? ஆங்கில மூலத்தைப் பயிற்சியிலேயே பார்த்திருந்ததா? எப்படியானாலும் தமிழ்த் திறன் என்ற கணக்கில் ஒன்று கூடிவிட்டது.

ஆங்கிலத்திலும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல முடியாது. மொழி மாதிரிகளின் அறிவைச் சோதிக்க 2020-இல் வந்த எம்எம்எல்யு தேர்வில் 57 பாடங்கள், கேள்விக்கு நான்கு விடைகள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 25 சதவீதம் தேறும். 2024-இல் சில ஆய்வாளர்கள் அதைச் சரிபார்த்தார்கள். வைரஸ் பாடத்தில் அவர்கள் எடுத்துப் பார்த்த கேள்விகளில் 57 சதவீதத்தில் பிழை இருந்தது.

சரி, ஆட்களை வைத்தே திருத்துவோம் என்று முடிவானது. நெல் சாகுபடி பற்றி மாதிரி எழுதிய பதில்களை ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமும், வேளாண் துறையில் வேலை பார்த்த ஒரு மேடத்திடமும் கொடுத்தோம். ஒரு பதிலுக்கு சார் 5-க்கு 4 போட்டார், மேடம் 1 போட்டார்.

"ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லையே" என்றார் சார்.

"இலை மஞ்சளானா உடனே யூரியா போடச் சொல்லுது தம்பி. துத்தநாகக் குறையா இருக்கலாம். தத்துப்பூச்சி பரப்புற துங்ரோ நோயா இருந்தா? ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கலையே" என்றார் மேடம்.

எக்செல் இரண்டையும் சேர்த்து சராசரி 2.5 என்றது. இருவருமே தராத அந்த மதிப்பெண்ணை ஒரு வாரம் நானும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மொழிக்கு ஒரு மதிப்பெண், விஷயத்துக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்தோம்.

இதற்கிடையில், இரண்டு பதில்களில் எது மேல் என்று சொல்ல மாதிரியையே நடுவராக வைக்கும் யோசனையும் வந்தது. அப்படி வைத்தால் நீளமான பதில் பக்கமும், முதலில் காட்டிய பதில் பக்கமும் தீர்ப்பு சாயக்கூடும் என்று 2023-லேயே எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு, இயந்திரம்தானே என்று நினைத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, நான் ஏற்கெனவே திருத்திய பதில் ஜோடிகளை வரிசை மாற்றி மறுபடி திருத்திப் பார்த்தேன். பல இடங்களில் என் தீர்ப்பும் கூடவே இடம் மாறியிருந்தது.

அந்தத் தாள்களை மேடத்திடம் இன்னும் காட்டவில்லை.